கோரம் மணி

சபை விடுமுறைக்குக் கலையும் நாள் என்றால் உறுப்பினர்களுக்குக் கால் தரையில் நிற்காது. மத்தியானமே வராந்தாவில் மூட்டை முடிச்சோடு நிற்பார்கள். ஊரில் துணி தைத்துப் பிழைக்கும் தையலக்கா மேலே பார்வையாளர் மாடத்திலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். கீழே முக்கால்வாசி நாற்காலிகள் காலி.

அவள் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ஊர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நடப்பதால்தான் மனுஷர் உயிரோடு இருக்கிறார். அந்தப் பிரிவை அடுத்த மாதம் மூடப்போவதாக அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தது, அதுவும் சபை கலையப்போகிற நேரம் பார்த்து. கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள்! இன்றைக்கு யாரும் கேட்காவிட்டால், சபை மறுபடி கூடுவதற்குள் மெஷின்களைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் கேள்வி கேட்டு என்ன பிரயோஜனம்?

கேட்பதற்கு அவள் தொகுதியின் எதிர்க்கட்சி உறுப்பினர் வக்கீலம்மா தயாராக இருந்தார். ஆனால் விவாதத்தில் கடைசிப் பெயர் அவருடையது. அவர் எழுந்து தொண்டையைச் செருமியதும் ஆளுங்கட்சிக் கொறடாவும் எழுந்தார்.

"கோரம் இல்லீங்க. சபை நடத்த ஆள் பத்தாது."

ஆளுங்கட்சி ஆட்களை மத்தியானமே ஊருக்கு அனுப்பி வைத்த புண்ணியவானும் அவர்தான். உறுப்பினர்களைக் கூப்பிட மணி அடிக்கத் தொடங்கியது. அது ஓய்வதற்குள் ஆள் சேராவிட்டால் சபை அத்தோடு கலைந்துவிடும்.

கேண்டீனில் இருந்த எதிர்க்கட்சிக்காரர்கள் வாயைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார்கள். சபைச் செயலாளர் தலைகளை எண்ணினார். ஒரே ஒரு ஆள் குறைந்தது. தையலக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தானே இறங்கிப்போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு மூட்டைக்காரர் வந்தார். ஆளுங்கட்சியின் மூத்த உறுப்பினர். ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் முதல் ஆளாக மூட்டை கட்டுவதால் வந்த பட்டப்பெயர். ஓடிவந்த வேகத்தில் பயணப்பையின் வார் அறுந்து தொங்க, மூச்சிரைக்கத் தன் இடத்தில் போய் விழுந்தார். மணி ஓய்ந்தது. ஆள் சரியாக இருந்தது.

கொறடாவின் முகத்தில் ஈயாடவில்லை. மூட்டைக்காரரிடம் வெளியே போகும்படி கண்ணைக் காட்டினார். இவர் எழுந்தால் போதும், மறுபடி ஆள் குறைந்துவிடும். தையலக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வக்கீலம்மா பேச ஆரம்பித்திருந்தார். மெஷினில் உட்காருகிறவர்களைப் பற்றி, பக்கத்து நகரத்துக்குப் போய்வர அவர்களுக்கு உடம்பில் தெம்பில்லை என்பதைப் பற்றி. மூட்டைக்காரர் கொறடாவைப் பார்த்தார், வக்கீலம்மாவைப் பார்த்தார், பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அப்புறம் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்துவிட்டார்.

சுகாதார அமைச்சருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. பேச்சை முடித்தால் போதும் என்று எழுந்தார்.

"சபை மறுபடி கூடி விவாதிக்கிற வரைக்கும் அந்தப் பிரிவை மூட மாட்டோம். போதுமா?"

சபையில் சொன்ன சொல்லை இனி அவரே நினைத்தாலும் விழுங்க முடியாது. தையலக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வாசலில் காவலரிடம் கொடுத்திருந்த கைப்பையை வாங்கிக்கொண்டு திரும்பினால், படிக்கட்டில் மூட்டைக்காரர். பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, அறுந்த வாரை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க நல்லா இருக்கணும். என் வீட்டுக்காரர் உயிரைக் காப்பாத்திட்டீங்க."

"நான் என்னம்மா செஞ்சேன்? ஓட்டுக்கு அடிக்கிற மணின்னு நெனச்சு, வரலைன்னா கொறடா திட்டுவாரேன்னு பயந்து ஓடியாந்தேன். ரெண்டு மணியும் ஒரே மாதிரிதான் அடிக்கும்."

"தெரிஞ்சப்புறம் எந்திரிச்சுப் போயிருக்கலாமே?"

"மூச்சு வாங்குச்சும்மா" என்றார் அவர், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

அவ்வளவு நேரமா ஒரு மனுஷருக்கு மூச்சு வாங்கும்? நாளைக்குக் கொறடாவிடம் இவர் வாங்கிக்கட்டிக்கொள்ளப் போவதை நினைத்ததும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பையை உரிமையோடு பிடுங்கிப் படியில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்து, வாரை இரட்டை நூலால் இழுத்து இழுத்துத் தைத்துக் கொடுத்தாள்.

அவர் தோளில் மாட்டிப் பார்த்தார். "எவ்வளவு நாள் தாங்கும்?"

"சபை மறுபடி கூடுற வரைக்கும் தாங்குங்க. அன்னைக்கும் நீங்க வந்து உக்காரணும்."