கறுப்பு பினாயில்

எனக்குக் கோபம் பீவியக்கா மேல் இல்லை. படித்துக் கிழித்த என் மேல்தான்.

தாராவியில் அவர் கணவர் மன்சூர் அலி பாய் பழைய டிரம்களைக் கழுவி விற்கும் பட்டறை வைத்திருந்தார். இருபது வருஷமாக டிரம்களின் அடியில் மிஞ்சிய எண்ணெயெல்லாம் முற்றத்து மண்ணில் இறங்கி, நாப்தலீன் என்ற நச்சு ஏறிக் கிடந்தது. மூன்று மாதத்தில் அது அனுமதித்த அளவுக்குள் வராவிட்டால் பட்டறைக்குச் சீல் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. செம்பூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நான் வளர்த்த பாக்டீரியாவுக்கு நாப்தலீன்தான் சாப்பாடு. பாய்க்குப் பட்டறை பிழைக்க வேண்டும், எனக்கு ஆராய்ச்சிக்கு மண் வேண்டும். ஒத்துக்கொண்டோம்.

வாரந்தோறும் கேனில் பாக்டீரியாக் கரைசலைக் கொண்டுபோய்த் தெளிப்பேன். பாய் யூரியா தூவி மண்ணைக் கிளறிவிடுவார். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான், அது பாட்டுக்கு வேலை செய்யும், வேறெதையும் மண்ணில் ஊற்றிவிடாதீர்கள் என்று அவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். பதினோராவது வாரம் நாப்தலீன் அளவுக்குள் வந்துவிட்டது. பாய் தாதரிலிருந்து எனக்குப் பேடா வாங்கி வந்தார்.

மறுவாரம் அதிகாரிகள் மண் எடுக்க வந்தார்கள். சந்து முனையிலேயே பினாயில் நெடி அடித்தது. வருகிறவர்கள் மூக்கைப் பொத்தக் கூடாதே என்று, பீவியக்கா விடியுமுன் எழுந்து ஐந்து லிட்டர் கறுப்பு பினாயிலை முற்றம் முழுக்கத் தெளித்திருந்தார். பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்றால் எந்த வீட்டிலும் செய்வதுதான். ஆனால் கறுப்பு பினாயில் தார் எண்ணெயில் செய்வது. நாப்தலீன் அதிலும் உண்டு. கிருமியைக் கொல்வதுதான் அதன் தொழிலே.

அதிகாரியிடம் இந்தியில் கெஞ்சினேன். கெடு முடிந்துவிட்டது என்றார். அள்ளிய மண்ணில் நாப்தலீன், அனுமதித்த அளவைப் போல் நான்கு மடங்கு இருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

சீல் வைத்த அன்று பாய் மனைவியை ஒரு சொல் சொல்லவில்லை. பீவியக்காதான் என்னிடம் வந்தார்.

"மாலதி, அந்தப் பூச்சிய மறுபடி உட்டா எத்தன நாளாவும்?"

"மூணு மாசமாவது ஆகும்க்கா."

அவர் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுகட்ட சொன்னத எங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா. முத்தம் கழுவுறது நாந்தான?"

வாராவாரம் அவர் போட்ட டீயை வாங்கிக் குடித்தவள் நான்.