வாசனை இல்லாத புரோட்டீன்

பியூட்டி பார்லர் நடத்துகிறவளுக்கு முடி கொட்டுவது, பல் டாக்டருக்குப் பல் விழுவதைவிட மோசம். அவராவது வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்கலாம். நான் தலையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டேன். "புது ஸ்டைலா?" என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்று தலையாட்டினேன். அதுவும் மெதுவாகத்தான் ஆட்டினேன்.

எடை குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டது என் கணவருக்கும் நாத்தனாருக்கும் மட்டும்தான் தெரியும். பார்லருக்கு வருகிறவர்களிடம் மூச்சு விடவில்லை. "தினமும் வாக்கிங், ராத்திரி சாப்பாடு கட்" என்று அளந்துவிட்டிருந்தேன். அதை நம்பி இரண்டு பெண்கள் ராத்திரியில் பட்டினி கிடந்தார்கள், பாவம். எடை நன்றாகவே குறைந்தது. கூடவே முடியும் கிளம்பிவிட்டது. சீப்பைக் கையில் எடுத்தாலே எனக்கு அழுகை வந்தது. மொட்டைத் தலைக்காரியிடம் யார் வந்து முடி வெட்டிக்கொள்வார்கள்?

"புரோட்டீன் பத்தலைம்மா. உங்க வயிறு இப்ப சின்னது, நிறைய சாப்பிட முடியாது. சாப்பிடுற கொஞ்சத்துல பவுடரைக் கலந்துக்கணும். இல்லேன்னா கொட்டுறது நிக்காது" என்றார் டாக்டரம்மா.

கடையில் கிடைத்ததெல்லாம் சாக்லேட், வெனிலா, ஸ்ட்ராபெரி. ஆபரேஷனுக்கு முன்னால் இந்த மூன்றுக்கும் நான் சொத்தையே எழுதிவைத்திருப்பேன். இப்போது மூடியைத் திறந்தாலே குமட்டியது. காய்கறி சூப்பில் வெனிலாவைக் கலந்து குடித்துப் பாருங்கள், என் கஷ்டம் புரியும்.

அப்படிக் குடித்துவிட்டு வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் கணவரிடம் கத்தினேன். "என்னங்க! எந்த வாசனையும் இல்லாத புரோட்டீன் பவுடர் வாங்கிட்டு வாங்க. புண்ணியமாப் போகும்!"

அவர் லிஃப்ட் மெக்கானிக். எதற்கும் பதற மாட்டார். "அவ்வளவுதானே?" என்று கிளம்பியவர், பெரிய வெள்ளை டப்பாவோடு திரும்பினார். முகத்தில் வெற்றிக் களை.

இரண்டு ஸ்பூன் போட்டு சூப்பைக் கலக்கினேன். நுரைத்தது. இன்னும் கலக்கினேன். நுரை பொங்கிக் கிண்ணத்தை விட்டு இறங்கியது.

"என்னங்க இது?"

"நல்லாக் கலந்திருக்குன்னு அர்த்தம்."

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில், 'தலைமுடிக்கு மட்டும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று இருந்தது.

"எங்க வாங்கினீங்க?"

"எப்பவும் வாங்குற இடம்தான். உன் பார்லருக்குச் சாமான் எடுப்பேனே, அந்தக் கடை. வாசனை இல்லாத புரோட்டீன்னு கேட்டேன், எடுத்துக் கொடுத்தான். நம்ம வீட்டுல புரோட்டீன்னா தலைக்குப் போடுறதுதானே?"

அவர் சொன்னது நியாயம்தான். "இன்னைக்கு மூணு புரோட்டீன், ஒரு ஃபேஷியல்" என்று தினமும் அவர் காதில் ஓதியவளே நான்தான். அதற்காகத் திட்டாமல் விட முடியுமா? மனம் ஆறுகிற வரைக்கும் திட்டினேன். மறுநாள் ஊரெல்லாம் அலைந்து இன்னொரு டப்பா வாங்கி வந்தார். அதுவும் வெள்ளைதான்.

"இது வாயில போடுறது. கடைக்காரன் முன்னாடியே தின்னு பார்த்துட்டேன். ஒரு ருசியும் இல்லை. நம்பிச் சாப்பிடு."

மதிய சூப்பில் கலந்துகொள்ளலாம் என்று அதைப் பார்லருக்குக் கொண்டுபோனேன். தலைக்குப் போடுகிற டப்பாவையும் வீணாக்க மனமில்லாமல் எடுத்துக்கொண்டேன். இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்துவிட்டுப் பின்னறையில் சூப்பைச் சுடவைக்கப் போனேன்.

அந்த நேரம் பார்த்து, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த தலைமையாசிரியை, தலைக்குப் புரோட்டீன் போட்டுக்கொள்ள வந்தார். ஒல்லியான உடம்பு, அதட்டல் குரல். என் நாத்தனார்தான் என்னோடு பார்லரைப் பார்த்துக்கொள்கிறாள். கை சுத்தம், வேகம் அதிகம். டப்பாவைப் படித்துப் பார்க்கிற பொறுமை மட்டும் கிடையாது.

நான் சூப்போடு வெளியே வந்தபோது, தலைமையாசிரியை தலை முழுக்க வெள்ளையும் கட்டியுமாக உட்கார்ந்திருந்தார். நாத்தனார் பிரஷ்ஷால் பூசிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் என் கணவர் அலைந்து வாங்கிய டப்பா திறந்து கிடந்தது. பாதி காலி.

"ஐயையோ, அது என் சாப்பாடு!"

வாயிலிருந்து வந்துவிட்டது. நாத்தனார் பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபடி திருதிருவென்று விழித்தாள். "சாப்பாடா? அண்ணி, நான் சுடுதண்ணி ஊத்திக் குழைச்சேன். கட்டி கட்டியா வந்துச்சு. புது பிராண்டுன்னு நெனச்சேன்..."

நெற்றியில் வழிந்த ஒரு சொட்டு, தலைமையாசிரியையின் உதட்டில் இறங்கியது. அவர் நாக்கால் தொட்டுப் பார்த்தார். செத்தேன் என்று நினைத்தேன். நாளைக்குப் பள்ளிக்கூடம் முழுக்க நம் கதைதான்.

"சுடுதண்ணி ஊத்தினா கட்டி தட்டத்தான் செய்யும். முதல்ல ஆறின தண்ணியில கரைச்சுக்கணும். அப்புறமாத்தான் வெதுவெதுப்பான சூப்புல சேர்க்கணும்" என்றார் அவர். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "எப்ப பண்ணிக்கிட்டீங்க?"

"எது மேடம்?"

"ஆபரேஷன்."

ஸ்கார்ஃபை நெற்றிக்கு இறக்கிவிட்டுக்கொண்டேன். அவரே பேசினார். "நானும் பண்ணிக்கிட்டவதான். பழைய ஊர்ல என்னைப் பாக்குறவங்க எல்லாம் முன்னாடி எப்படி இருந்தேன்னு சொல்லியே உயிரை வாங்கினாங்க. அதான் மாத்தல் கேட்டு வந்தேன். எனக்கும் முடி கொட்டுச்சு, கையால அள்ளிப் போட்டேன். இங்க தொட்டுப் பாருங்க."

சூப்பை வைத்துவிட்டு, நெற்றியோரத்தில் இருந்த பவுடரை ஈரத்துணியால் துடைத்தேன். வரிசையாகக் குட்டி முடிகள். ஒடிந்த முடியா, முளைத்த முடியா என்று விரலால் தடவியே சொல்லிவிடுவேன். ஒடிந்தது நுனியில் மொட்டையாக இருக்கும். இது நுனி மெலிந்து, மிருதுவாக இருந்தது. நெற்றி நெடுக, காது வரைக்கும் அப்படித்தான் இருந்தது. இத்தனை நாளும் இனி முளைக்கவே முளைக்காது என்றுதான் உள்ளுக்குள் பயந்து செத்துக்கொண்டிருந்தேன். ஸ்கார்ஃப் நுனியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"முளைச்சிருக்கு மேடம்! நல்லா முளைச்சிருக்கு!" என்றேன், ஏதோ அவருக்குத் தெரியாத செய்தி மாதிரி.

"அது எனக்குத் தெரியும்மா" என்றார் அவர். "உங்களுக்குத்தான் சொன்னேன். போய் சூப்பைக் குடிங்க, என் தலை எங்கேயும் ஓடிடாது."