குறைந்தபட்சத் தொகை

விடிகாலை பாங்கு சொன்னதும் சேக் பரீது எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினான். பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதான். திரும்பும் வழியில் ஒரு பால் பாக்கெட் வாங்கினான். வீட்டுக்கு வந்து மோட்டாரைப் போட்டான், தொட்டி நிரம்பியதும் நிறுத்தினான். டீ போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டினான். கண்ணாடி முன் நின்று முகத்தில் சோப்பைக் குழைத்துப் பூசும்போது ஃபோன் அடித்தது. தினமும் அந்த நேரத்துக்குத்தான் அடிக்கும். அதையும் காலை வேலைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு விட்டான்.

"தாஹிரா பானு மேடம் இருக்காங்களா சார்?"

"இல்ல. இறந்துட்டாங்க."

"ஓகே சார். எப்ப வருவாங்க?"

பரீதுக்குக் கோபம் வரவில்லை. எங்கேயோ ஒரு பெண் பிள்ளை எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறது. இறந்துபோனவர்களுக்கு அந்தத் தாளில் இடம் விடவில்லை போலிருக்கிறது. ஃபோனை வைத்துவிட்டுச் சவரத்தை முடித்தான்.

தாஹிரா அவன் மனைவி. போன ஐப்பசி மழையில் டெங்கு வந்து போய்விட்டாள். கல்யாணமாகி நாலு வருஷம்கூட நிறையவில்லை. பேகம்பூரில் இதே வீட்டின் முன்னறையில் உட்கார்ந்துகொண்டு சுங்குடிச் சேலை வியாபாரம் பார்த்தவள். சின்னாளபட்டி மொத்தக் கடையில் கிரெடிட் கார்டைத் தேய்த்துச் சேலை எடுப்பாள். படம் பிடித்து வாட்ஸ்ஆப்பில் போடுவாள். விற்ற காசில் கெடு நாளுக்கு முன்பே கார்டுக்கு முழுத் தொகையையும் கட்டிவிடுவாள். வட்டி என்று ஒரு பைசா தன் கையிலிருந்து போகக்கூடாது என்பதில் அப்படி ஒரு கண்டிப்பு. வட்டியை விலக்கிய மார்க்கத்துக்கும் பொருந்தியது, கணக்குக்கும் பொருந்தியது. ஒரே ஒரு கெடு நாளைத்தான் அவள் தவறவிட்டாள். அன்று அவள் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

அவளை அடக்கம் செய்யும் முன், ஜனாஸா தொழுகைக்கு நின்றபோது, வழக்கப்படி, பரீது ஜனங்களுக்கு முன்னால் வந்து நின்றான். "தாஹிரா யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தா எங்கிட்ட சொல்லுங்க. நான் பொறுப்பு" என்றான். வரிசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் கார்டு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. இறந்த செய்தியைச் சொன்னான். கூடவே, "அவ கடனுக்கு நான் பொறுப்பு" என்று அங்கேயும் சொன்னான். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது, சம்மதமா என்று கேட்டார்கள். சம்மதம் என்றான்.

மாதாமாதம் குறுஞ்செய்தி வந்தது. குறைந்தபட்சத் தொகையைச் செலுத்தி அபராதத்தைத் தவிர்க்கவும். செலுத்தினான். பி.காம். படித்தவன், தோல் பதனிடும் ஷாப்பில் கணக்கு எழுதுகிறவன். குறைந்தபட்சத் தொகை என்பது வட்டியின் வாய்க்குத்தான் போகும், அசலைத் தொடாது என்று தெரியாதவனல்ல. ஆனால் அந்த மாதங்களில் அவன் எதையும் கணக்குப் போடவில்லை. கட்டச் சொன்னார்கள், கட்டினான். ஆர்டர் குறைந்து பாதிச் சம்பளம் வந்தபோது அதுவும் நின்றது. காலை அழைப்புகள் அதற்குப் பிறகு வந்தவை.

சட்டையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தால், வாசலில் மாமியார் உம்மு சல்மா நின்றிருந்தாள். இரண்டு தெரு தள்ளி இருப்பவள், இந்த நேரத்துக்கு வருகிறவள் அல்ல. கையில் வளையல் இல்லை.

"மாப்ள, நேத்து வீட்டுக்கு ஒருத்தன் வந்தான். கார்டுக்காரன்."

"அங்க எதுக்கு வந்தான்?"

"அவ கார்டு வாங்குனப்ப எங்க வீட்டு விலாசமும் குடுத்திருக்கா. நடுத்தெருவுல நின்னு, உங்க மக எங்க ஓடிப்போய் ஒளிஞ்சிருக்குன்னு கேக்குறான். எம்புள்ள கபர்ஸ்தான்ல இருக்காடான்னேன். எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்கன்னு சொல்றான்."

பரீது அவளை உள்ளே வரச் சொன்னான். அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"வெள்ளிக்கிழமை வரச் சொல்லிட்டேன். வளையல வித்துக் குடுத்துருறேன்."

"வேணாம் மாமி. நான் அடைக்கிறேன்."

"அடைச்சுக்கிட்டேதான இருக்கீங்க. எம்புட்டுக் கொறஞ்சிருக்கு?"

கடன் குறையவில்லை. கூடித்தான் இருந்தது.

"எம்புள்ள கடனோட கெடக்கக் கூடாது மாப்ள. எனக்குத் தூக்கம் வரல." முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

அன்று தோல் ஷாப்பில் பரீது இரண்டு பில்லைத் தப்பாகப் போட்டான். அந்த வளையல்கள் தாஹிராவின் அத்தா, மாமியாரின் இறந்துபோன கணவர், போட்டது. அவருடையது என்று அந்த அம்மாவிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதை விற்றுக் கொடுத்தாலும் கடன் முடியாது, மேலும் கேட்பார்கள் என்பது மட்டும் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நேரே மாமியார் வீட்டுக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் ஒரு பைக் வந்து நின்றது. வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துவட்டிக்கொண்டான். பெயர் சார்லஸ், வசூல் ஏஜென்சி.

"நீங்க யாரு சார்?"

"தாஹிரா வீட்டுக்காரர்."

"அப்ப ஏத்துக்கிட்டவரு நீங்கதான். ரெக்கார்டிங் இருக்கு."

"ஏத்துக்கிட்டேன். ஊர் முன்னாடியும் ஏத்துக்கிட்டேன்."

"ஏத்துக்கிட்டுக் கட்டாம இருந்தா எப்படி சார்? நான் வெயில்ல சுத்துறேன்ல?" ஃபோனைத் திறந்து தொகையைக் காட்டினான்.

"இதுல பாதிகூட அவ வாங்கலையே."

"மிச்சம் வட்டி, லேட் ஃபீஸ், அதுக்கு வரி."

"செத்துப்போனவளுக்கு என்ன வட்டி?"

"செத்தது கம்பெனிக்குத் தெரியாதுல்ல."

"எத்தன வாட்டி ஃபோன்ல சொல்லியிருக்கேன்!"

"ஃபோன்ல தினமும் நூறு பேரு செத்துக்கிட்டுத்தான் சார் இருக்கான். போன வாரம் செம்பட்டியில ஒருத்தன், அவனே ஃபோன எடுத்து, அவன் செத்துட்டான்னு அவனே சொல்றான். அடக்கம் எப்ப அண்ணேன்னு கேட்டேன், கட் பண்ணிட்டான்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். பரீது சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "நெசமாவே எறந்துட்டாங்களா சார்?"

"ஆமா."

"சர்ட்டிஃபிகேட் குடுத்தீங்களா?"

பரீது தரையைப் பார்த்தான். சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. கொடுக்கவில்லை. கேட்கவும் இல்லை அவர்கள். ஆனால் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பானா என்பது சந்தேகம். நான் பொறுப்பு என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவன், மறுவாரமே அவள் இறந்ததற்குத் தாளை நீட்டினால் அது நழுவுகிற வேலை மாதிரி அவனுக்குப் பட்டது.

"குடுத்தா, தப்பிச்சுக்கிறதா ஆயிரும்னு இருந்துட்டேன்."

சார்லஸ் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "என்ன சார் நீங்க. நாங்க எத்தன பேரப் பாத்திருக்கோம், உங்கள மாதிரி ஒருத்தரப் பாத்ததில்ல. சரி, அது கெடக்கட்டும். இன்னைக்கு ஒரு பத்தாயிரம் குடுங்க. மிச்சத்துக்கு நான் செட்டில்மென்ட் பேசித் தாரேன்."

உள்ளேயிருந்து உம்மு சல்மா கைக்குட்டையில் முடிந்த வளையல்களோடு வந்தாள். பரீது எழுந்து நடுவில் நின்றான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் மனசில் ஒரு கணக்கு ஓடியது. அவள் வாங்கியது எவ்வளவு, நான் கட்டியது எவ்வளவு, அவள் போன பிறகு இவர்கள் ஏற்றியது எவ்வளவு. மூன்றும் மூன்று தனித்தனிக் காரியம். இத்தனை நாள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி தன் தலையில் வைத்திருந்தான்.

"உள்ள வைங்க மாமி." சார்லஸ் பக்கம் திரும்பினான். "இன்னைக்கு ஒண்ணும் கெடையாது. அவ தேய்ச்சதுக்கு நான் கட்டுவேன், ஒரு ரூபா கொறையாம. அவ போன பெறகு நீங்க தேய்ச்சதுக்குக் கட்ட மாட்டேன்."

"டயலாக் நல்லாருக்கு சார். எங்க மேனேஜர்கிட்ட சொல்லுங்க."

"எழுத்துலயே சொல்றேன். இன்னொன்னு, இவங்க கார்டு வாங்கல. இந்த வாசல்ல இன்னொரு வாட்டி நின்னு கத்துனீங்கன்னா அதையும் சேத்து எழுதுவேன்."

சார்லஸ் ஹெல்மெட்டை எடுத்தான். போகிறவன் நின்று, உம்மு சல்மாவிடம், "ஃபைல்ல தலைமறைவுன்னு போட்டிருந்தாங்கம்மா. தெரியாம கத்திட்டேன்" என்றான். அவள் உள்ளே போனாள். ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வெயில் அப்படி.

அன்று மாலையே பரீது சான்றிதழை இணைத்துக் கம்பெனிக்கு எழுதினான். பத்து வரி, அவ்வளவுதான். பதிலாக ஒரு சலுகை வந்தது. பாதித் தொகையை ஒரே தவணையில் கட்டினால் கணக்கை முடித்துக்கொள்வார்களாம், இந்த வாரம் மட்டுமாம். அந்தப் பாதியிலும் செத்தவளின் வட்டி இருந்தது. மறுத்து எழுதினான். கார்டுப் பாதுகாப்புத் திட்டம் என்ற பெயரில் அவள் இறந்த பிறகும் மாதாமாதம் சந்தா பிடித்திருந்ததைக் கணக்கில் கண்டுபிடித்தான். யாரை எதிலிருந்து பாதுகாத்தீர்கள் என்று கேட்டு எழுதினான். பதில் இல்லை. ஒரு மாதம் பொறுத்து, இனி ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவதாக எழுதினான்.

அதற்குப் பிறகுதான் மனிதர் எழுதியது போல ஒரு பதில் வந்தது. இறப்புத் தேதிக்குப் பிறகான வட்டி, அபராதம், சந்தா எல்லாம் நீக்கப்படுகின்றன. அவன் கட்டியவை அசலில் வரவு வைக்கப்படுகின்றன. மீதி பதினாறாயிரத்துச் சொச்சம். கடைசியில் ஒரு வாக்கியம் இருந்தது. மீதித் தொகை இறந்தவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து மட்டுமே கோரப்படும், வாரிசுகளின் சொந்தப் பொறுப்பு அல்ல.

பரீது அதை இரண்டு முறை படித்தான். மார்க்கமும் அதைத்தான் சொல்கிறது. விட்டுச் சென்றதிலிருந்து முதலில் கடன், பிறகுதான் வாரிசுகளின் பங்கு. தாஹிரா என்ன விட்டுச் சென்றாள் என்று அவன் அதுவரை யோசித்ததே இல்லை.

பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தான். சேலைகள், பிளாஸ்டிக் உறையில், ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் விலைச் சீட்டு. வெளியே எடுத்துக் கட்டிலில் அடுக்கினான். அவளுடைய ஃபோனுக்குச் சார்ஜ் போட்டான். வாடிக்கைக்காரர்களின் குழு இன்னும் இருந்தது. "தாஹிராவிடம் இருந்த சேலைகள். அவள் போட்ட விலை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பார்க்கலாம்" என்று எழுதினான்.

பத்துப் பேர் வந்தால் பெரிது என்று நினைத்தான். தெரு கொள்ளவில்லை. உம்மு சல்மா முன்னறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினாள். பரீது காசு வாங்கினான்.

பின்தெருத் தையல்காரி கனகா ஒரு நீலச் சேலையைத் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, தாஹிரா இருந்தா அம்பது ரூவா கொறச்சிருப்பா" என்றாள்.

"கொறச்சிருக்க மாட்டா. எங்க அக்காவுக்கு எடுத்தப்பவே டெலிவரி சார்ஜ் போட்டவ" என்றான் பரீது.

"உங்க வீட்டுலருந்து உங்க அக்கா வீடு எம்புட்டுத் தூரம்?"

"எதுத்த வீடு."

அறையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் தன் சத்தமும் கேட்டது பரீதுக்கு.

"சரி, ஒண்ணாந்தேதி தாரேன். கணக்குல வச்சுக்கங்க."

"கடன் கெடையாது கனகா."

"யாத்தே! கார்டுக்காரனே தேவலாம் போலருக்கே!" என்றபடி ரவிக்கைக்குள்ளிருந்து சின்னப் பர்ஸை எடுத்தாள்.

மத்தியானத்துக்குள் கட்டில் காலியானது. கார்டுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டி, அதற்கு மேலும் கொஞ்சம் நின்றது. அதில் தாஹிராவின் தாய்க்குச் சேர வேண்டிய பங்கைக் கணக்கிட்டுத் தனியே பிரித்து வைத்தான்.

கணக்கு முடிந்தது, பாக்கி இல்லை என்று கம்பெனியின் கடிதம் வந்த அன்று, அதை ஃபோனில் வைத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனான். உம்மு சல்மா அடுப்படியில் இருந்தாள். கைகளில் வளையல்கள். அவளுக்கு வாசித்துக் காட்டினான். பங்குப் பணத்தைப் பக்கத்தில் வைத்தான். பணத்தை அவள் பார்க்கவே இல்லை.

"இனிமே யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல மாமி. மிச்சமிருந்தது அவ சம்பாதிச்சதுலருந்தே போயிருச்சு. முன்ன மாசாமாசம் கட்டுனது மட்டுந்தான் என் காசு."

அவள் அடுப்பைத் தணித்தாள். பிறகு, இத்தனை மாதமாகக் கேட்காததைக் கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில கடைசியா நீங்கதான கூட இருந்தீங்க. அந்தக் கார்டு நாள் தவறிப்போச்சுன்னு தவிச்சாளா? அதச் சொல்லிக்கிட்டா போனா?"

"இல்ல மாமி. கார்டப் பத்தி ஒரு வார்த்த சொல்லல."

"பெறகு என்னதான் சொன்னா?"

யாரிடமும் அவன் அதைச் சொன்னதில்லை. சொல்லிக்கொள்ளும்படியான வார்த்தை அல்ல என்று நினைத்திருந்தான். காய்ச்சல் இறங்கியிருந்த காலை அது. கீழே கடைக்குப் போகப் படியிறங்கியவனை அவள் திரும்பக் கூப்பிட்டாள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நன்றாகப் பசித்த முகம். அவன் கடையிலிருந்து திரும்பியபோது அவளுக்கு நினைவில்லை; கடைசியாகச் சொன்னது இதுதான்:

"மச்சான், இட்லி வேணாம், கல்தோசை வாங்கிட்டு வாங்க. கெட்டிச் சட்னியாக் கேளுங்க, இல்லாட்டி தண்ணியா ஊத்திருவான்."