நாலு போல்டு

"மெதுவா தள்ளுங்கடா... டைல்ஸு கீறப் போவுது."

நாலு பேர் சேர்ந்து வாஷிங் மிஷினைச் சுவரோரமாகத் தள்ளினார்கள். கேசவனின் உடலைக் கிடத்தக் கூடத்தில் இடம் வேண்டியிருந்தது. துணி பிழியும்போது தானாகவே நடுக்கூடம் வரை நடந்து வருகிற சனியன், இன்றைக்கு ஆள் வைத்துத் தள்ளினாலும் நகர மாட்டேன் என்றது. கேசவனின் மனைவி கலைவாணி மூலையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால் மகன் வினோத் வாங்கிப் போட்ட மிஷின்.

அதன் முதுகுப் பக்கம் இளவழகன் குனிந்தான். கலைவாணியின் அண்ணன் மகன். காட்டுப்பள்ளியில் மெக்கானிக்.

"இன்னாடா வினோத்து, நாலு போல்டும் அப்டியே கீது? லாரில வரசொல்ல உள்ள டிரம்மு ஆடாம இருக்கப் போடறதுடா இது. கயட்டாம ஓட்டுனா மிஷினு நடக்கத்தான் செய்யும்."

"வந்த அன்னிக்கே கம்பெனி ஆளு கயட்டிக் குடுத்துட்டுப் போனானே?" என்றான் வினோத்.

கலைவாணிக்குத் தெரியும். கேசவன்தான் திருப்பி மாட்டினார். இருபத்தைந்து வருஷம் ஃபைபர் போட்டில் என்ஜின் பூட்டி ஓட்டின மனுஷன். பூட்டி முடித்த பிறகு ஒரு போல்டு கையில் மிஞ்சினாலும் அவருக்குத் தூக்கம் வராது. இங்கே நாலு மிஞ்சியது. "மறந்துட்டுப் போயிட்டான் பாரு, சோம்பேறி" என்று அன்று சாயங்காலமே ஸ்பேனரை எடுத்து இறுக்கிவிட்டார்.

அன்றிலிருந்து மிஷின் நடந்தது. சாக்கு விரித்துப் பார்த்தார். டயரை அறுத்துக் காலடியில் வைத்தார். வலைக்கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டினார், கயிறு அறுந்தது. கடைசியில், பிழிகிற நேரம் வந்தால் அவரே போய் இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டு, மேலே தலையைச் சாய்த்து நின்றுவிடுவார்.

நேற்றுக் காலையும் அப்படித்தான் நின்றார். கலைவாணி பின்வாசலில் நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். அவர் உடம்பு முழுக்க ஆடியது.

"கட்டிக்கினு வந்தவள ஒரு நாளு இப்டிப் புடிச்சிருப்பியா?" என்று கேலி செய்தாள். பதில் வரவில்லை. சிரித்துக்கொண்டே மிச்ச நண்டையும் கழுவினாள். மிஷின் நின்றது. அவர் சரிந்து விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாம் என்றார்கள்.

ஆடியது மிஷினா, அவரா? நேற்றிலிருந்து அவளுக்குள் இந்த ஒரு கேள்விதான். அவர்தான் ஆடினார் என்றால், புருஷன் சாவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். வாயைத் திறந்தால் இதுதான் வெளியே வரும் என்று பயந்து அவள் அழக்கூட இல்லை. "வாய்விட்டு அழுதுடு கலைவாணி" என்று குப்பத்துப் பெண்கள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.

மத்தியானம் எடுத்தார்கள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். குளித்துவிட்டு வந்த ஆண்களின் ஈர வேட்டிகள் குவிந்து கிடந்தன. இளவழகன் மிஷினைப் பழைய இடத்தில் வைத்து, போல்டுகளைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு, துணியைத் திணித்து ஓட்டினான்.

பிழிகிற சத்தம் ஏறியது. மிஷின் வைத்த இடத்திலேயே நின்றது.

"நைனா இத ஒருவாட்டி பாத்திருக்கணும்" என்றான் வினோத்.

கலைவாணி எழுந்து வந்தாள். இரண்டு கையாலும் மிஷினைக் கட்டிக்கொண்டு தலையைச் சாய்த்தாள். "அம்மா" என்று கிட்டே வந்த வினோத் அப்படியே நின்றான். உள்ளே வேகமாகச் சுற்றியது. அவள் உடம்பு ஆடவில்லை.

துணி பிழிந்து முடிந்ததும் நிமிர்ந்தாள்.

"அத திருப்பி மாட்டு."

"எத அத்தே?"

"போல்ட்ட."

"மாட்டுனா மறுபடியும் ஆடும் அத்தே. நடந்து வரும்."

"ஆடட்டும். மாட்டிட்டு ஓட்டு. நான் புடிச்சிக்கினு நின்னு பாக்கறேன்."

இளவழகன் வினோத்தைப் பார்த்தான். கலைவாணி குனிந்து, தரையில் கிடந்த போல்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவன் கையில் வைத்தாள்.