முன்வாசல் வழியாக

அந்த ஹோட்டலின் மார்க்கெட்டிங் மேனேஜரை ஊழியர்கள் எல்லோரும் 'விளம்பரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவனும் கோபித்துக்கொள்வதில்லை. மாநாடுகளைப் பிடித்து வருவது, சலுகைகளை அறிவிப்பது, விருந்தினர்கள் இணையத்தில் எழுதும் குறைகளுக்குப் பதில் போடுவது எல்லாம் அவன் வேலை. தலையணை கல் மாதிரி இருந்தது என்றாலும் சரி, காபி ஆறிப்போயிருந்தது என்றாலும் சரி, பணிவாக ஒரே பதில்தான். "நான் திட்டினாலும் இதே மூஞ்சியோடதான் நிக்கறீங்க" என்பாள் மனைவி.

ஆனால் அன்று காலை படித்ததற்குப் பதில் போட அவனுக்குக் கை வரவில்லை.

'எங்கள் அப்பா இந்த ஹோட்டலில் தூக்கத்திலேயே இறந்துபோனார். அது யார் குற்றமும் இல்லை. ஆனால் குப்பைக் கூடைகள் போகும் லிப்டில் அவரை இறக்கிப் பின்வாசல் வழியாக அனுப்பினீர்கள். அவருடைய பெட்டியையும் அங்கேயே வைத்துத்தான் என்னிடம் கொடுத்தீர்கள். அவர் வந்தபோது முன்வாசலில் சல்யூட் அடித்துத்தானே வரவேற்றீர்கள்?'

அந்த மரணம் நடந்தபோது அவன் ஒரு கண்காட்சிக்காக வெளியூரில் இருந்தான். அறைகளைப் பராமரிக்கும் சூப்பர்வைசரிடம் கேட்டான்.

"ஆமா சார். லாபி முழுக்க ஆளுங்க. பின்பக்கமா கொண்டு போகச் சொல்லி ஜி.எம். சொன்னார், செஞ்சோம்" என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு.

ஜி.எம்., அதாவது ஜெனரல் மேனேஜர், அவனைத் தன் அறைக்கு அழைத்தார். "அடுத்த மாநாட்டுக்காரங்க இதைப் படிச்சுட்டு போன் பண்றாங்க. நீங்க அந்தப் பொண்ணைப் போய்ப் பாருங்க. குடும்பத்தோட வந்து ரெண்டு மூணு நாள் தங்கட்டும், நம்ம செலவு. எழுதினதை எடுத்துட்டா போதும்."

இறந்தவரின் மகள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அவன் போனபோது மூக்குக்கண்ணாடி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கடைசி வரை கேட்டாள்.

"எங்கப்பா செத்த இடத்துல நாங்க வந்து ஓசியில தங்கணுமா சார்?"

அவனுக்குக் காது சுட்டது. "தப்பா கேட்டுட்டேம்மா. மன்னிச்சுடுங்க" என்று எழுந்துவிட்டான். கதவருகே போனவனை அவளே கூப்பிட்டாள்.

"ஒண்ணு செய்ய முடியுமா? எங்கம்மா முட்டி வலியில நடக்க முடியாம கிடந்தாங்க, அன்னிக்கு வரல. அவர் கடைசியா இருந்த ரூமைப் பாக்கணும்னு பொழுது விடிஞ்சா இதே பேச்சுதான். காட்டுவீங்களா?"

அவன் திரும்பி வந்து சொன்னதும் ஜி.எம். யோசித்தார். "வரட்டும். ஆனா பின்பக்கமா கூட்டிட்டு வாங்க. லாபியில அழுது கிழுது வெச்சாங்கன்னா நம்ம பேர் என்ன ஆகும்?"

விளம்பரம் தலையாட்டிவிட்டு வெளியே வந்தான். நேராக வரவேற்பு மேசைக்குப் போய் அந்த அறையைத் தன் பெயரிலேயே பதிவு செய்தான். "ரூம் எடுத்தவனோட ஆளுங்க முன்வாசல்லதானே வருவாங்க?"

"உங்க வேலைக்கு நீங்களே உலை வெச்சுக்கறீங்க சார்" என்றாள் வரவேற்புப் பெண். ஆனாலும் சாவியை எடுத்துத் தனியாக வைத்தாள்.

அம்மா மகளின் தோளைப் பிடித்தபடி மெதுவாக வந்தார். வாசல்காரர் சல்யூட் அடித்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் பதிலுக்குக் கும்பிட்டார்.

அறையில் படுக்கை விரிப்பைத் தடவிப் பார்த்தார். "எந்தப் பக்கம் படுத்திருந்தார்?"

அவனுக்குத் தெரியவில்லை. "ஜன்னல் பக்கமாத்தான் இருக்கும்மா, வீட்ல மாதிரி" என்றாள் மகள். அம்மா அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். திரைச்சீலை, மேஜை விளக்கு, அகலமான ஜன்னல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தம்பி, இது சின்ன ரூமா?"

"இல்லம்மா. இங்க இருக்கறதுலயே நல்ல ரூம். அவரோட கம்பெனி எடுத்துக் கொடுத்தது."

"பொய்யைப் பாரு இந்த மனுஷனுக்கு!" அம்மா சிரித்துவிட்டார். "போன்ல என்ன சொன்னாரு தெரியுமா? சுமாரான ரூம், கொசுக்கடி தாங்கல, நீ வராததே நல்லதாப் போச்சுன்னாரு. கூட வர முடியலையேன்னு நான் அழுதேன். அதுக்காக..." சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு நடைவழியில் நின்றான். வேறெங்கும் போகத் தோன்றவில்லை.

அவர்கள் கீழே இறங்கியபோது லாபியில் ஜி.எம். நின்றிருந்தார். லிப்டிலிருந்து வந்தவர்களைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது, முகம் இறுகியது. கோட்டு போட்டவர் அவர் ஒருவர்தான் என்பதால் அம்மா நேரே அவரிடம் போனார்.

"நீங்கதான் பெரியவரா? ரூம் நல்லா இருக்குய்யா. கடைசியில நல்ல இடத்துலதான் தூங்கியிருக்காரு."

ஜி.எம். கைகூப்பினார்.

அரை மணி கழித்து அவனைக் கூப்பிட்டார். "எழுதினதை எடுக்கறாங்களாமா?"

"நான் கேக்கல சார்."

"மாநாடு கை நழுவிடும். முதலாளிக்கு நான் என்ன சொல்றது?"

"நான் சொதப்பிட்டேன்னு சொல்லுங்க சார்."

அவர் மேஜைமேல் கிடந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, "எதுல போனாங்க?" என்றார்.

"டாக்ஸி பிடிச்சுக்கறோம்னு போயிட்டாங்க."

"நம்ம காரை அனுப்பியிருக்கலாமே" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

மாநாடு வேறு ஹோட்டலுக்குப் போனது. அந்த வருடம் அவனுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அந்த விமர்சனமும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்த குளிர்காலத்தில், தனியாகத் தங்கியிருந்த ஒரு வயதான பெண்மணி அறையில் இறந்துபோனார். தகவல் வந்ததும் விளம்பரம் கீழே ஓடினான். அதற்குள் ஜி.எம்.மே வந்து முன்வாசல் கண்ணாடிக் கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்து வைத்திருந்தார். ஸ்ட்ரெச்சர் லாபி வழியாக வந்தது. பேச்சுகள் அடங்கின. சோபாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர் மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து நின்றார்.