ரஜிதா சொல்லிக்கொடுத்த 'லெஸ்ட்'

ஹட்டன் டவுனில் புதிதாகத் தொடங்கிய டியூஷன் வகுப்புக்கு ஆங்கில ஆசிரியை ஒருவர் வேண்டியிருந்தது. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தனுஜாவும், அடுத்த லயத்து வரிசை வீட்டு ரஜிதாவும் அதற்குப் போனார்கள். பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதிகம் புழங்காத இணைப்புச் சொற்கள்தான் பாடம்.

தனுஜாவுக்கு 'லெஸ்ட்' (lest) என்ற சொல் மட்டும் பிடிபடவே இல்லை. போவதற்கு முந்தின நாள் தண்ணீர் பிடிக்கும்போது ரஜிதாவிடம் கேட்டிருந்தாள்.

"அது லேசுடி. 'ஆகாம இருக்க'ன்னு அர்த்தம். அதனால பின்னால கட்டாயம் 'நொட்' (not) போடணும்," என்றாள் ரஜிதா.

ஒரே பாயில் படுத்துப் படித்த சிநேகிதி. தனுஜா வேறு யாரிடமும் கேட்கவில்லை.

முதலில் தனுஜாவைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். ரஜிதா வெளி வராந்தாவில் காத்திருந்தாள். 'வழுக்கிவிடாதபடி மெல்ல நட' என்பதைத் தனுஜா பலகையில் ஆங்கிலத்தில் எழுதினாள்: 'வோக் ஸ்லோலி லெஸ்ட் யூ ஷுட் நொட் ஸ்லிப்.'

வகுப்பை நடத்தும் மதுசூதனன் சேர் எழுந்து வந்தார்.

"மிஸ், லெஸ்டுக்குள்ளயே 'கூடாது' இருக்குங்க. திரும்ப நொட் போட்டா, வழுக்காம போயிடக் கூடாதுன்னு ஆயிரும். பிள்ளைங்கள விழச் சொல்றீங்களா?"

வகுப்பே சிரித்தது. மீதிப் பாடத்தை எப்படி முடித்தாள் என்று தனுஜாவுக்கே தெரியவில்லை. வெளியே வந்ததும் ஓடிப்போய் ரஜிதாவின் கையைப் பிடித்தாள். பாவம், இவளும் உள்ளே போய் அவமானப்படக் கூடாது.

"ரஜி, லெஸ்டுக்கு நொட் போட்டுறாத. நாம தப்பா வெளங்கிக்கிட்டோம்."

ரஜிதா சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே, "அது தெரியும்டி," என்றாள்.

சொன்ன பிறகுதான் அவள் கை நின்றது. தனுஜா அவள் முகத்தையே பார்த்தாள்.

"தெரியுமா?"

"ஒனக்கு அண்ணன் கொழும்புல இருந்து காசு அனுப்புறாரு. எனக்கு யாரு இருக்கா, சொல்லு?"

"வேல வேணும்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, நான் இங்க வந்தே இருக்க மாட்டேனே, ரஜி."

உள்ளேயிருந்து ரஜிதாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் போனாள். வேலையும் அவளுக்கே கிடைத்தது.

திரும்பும் பஸ்ஸில் ரஜிதா ஜன்னலோரம் நகர்ந்து, பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். "வாடி, ஒக்காரு," என்று மெதுவாகக் கூப்பிட்டாள். தனுஜா கம்பியைப் பிடித்துக்கொண்டு டிக்கோயா வரை நின்றே வந்தாள்.