ஒன்பதாவது ஆள்

குரோருட்டின் சின்னக் கழகத்தில் சொஃப்ட்போல் அணிக்குத் தேவையான ஒன்பது சிறுமிகள் மட்டும்தான் இருந்தார்கள். ஸ்ட்ரோம்மன் பக்கத்துக் கழகத்திலோ நாலு அணிகள், வெளியூர்ப் போட்டிகள், மினுங்கும் சீருடை. தேவமலர், அந்த ஒன்பது பேரில் ஒருத்தியான தன் மகள் அபிசனாவைப் பெரிய கழகத்துக்கு மாற்றிவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

"அங்கை உனக்கு என்ன இடம் தந்தவை?"

"இன்பித்தர்."

சொல் கேட்க எடுப்பாக இருந்தது. சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் ஃபோன் எடுத்துப் பெருமையாகப் புழுகினாள் தேவமலர்.

முதல் போட்டி முழுக்க அபிசனா மைதான ஓரத்து வாங்கிலேயே இருந்தாள். இன்பித்தர் என்றால் அந்த நாட்டுப் பாஷையில் மாற்று ஆள் என்று பக்கத்தில் நின்ற இன்னொரு தாய் சொல்லித்தான் தேவமலருக்கு விளங்கியது. முகம் செத்துப்போனது.

"பழைய கிளப்புக்கே போவம், பிள்ளை."

அபிசனா சப்பாத்து நாடாவை அவிழ்த்தபடியே சொன்னாள்.

"எட்டுப் பேரோடை விளையாட ஏலாது, அம்மா. நான் வெளிக்கிட்ட கிழமையே அதைக் கலைச்சுப்போட்டினம்."